பிரெட் பாக்கெட்டுப் பல்லு

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் பிரெட் வாங்குவார்கள். நல்லா இருக்கிற நாளில் பிரெட் தின்றால் நோவை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி என்பது அம்மாவின் எண்ணம். பிரெட் தீரும், காய்ச்சலும் இறங்கும். பாக்கெட்டின் வாயைக் கவ்விக்கொண்டிருந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் வில்லை மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். தட்டையாக, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பக்கம் கடித்து எடுத்த மாதிரி பிளவோடு இருக்கும். அதற்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா அதைப் பல்லு என்றாள். கவ்வுகிற சாமானுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அப்போது நாங்கள் சேரப்பணஞ்சேரியில் இருந்தோம். ஒரகடத்துப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். அப்பா வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்டு நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை என்று தெற்கத்திப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பெயர் எதற்கு, எல்லாரையும் ஊர்ப் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவோம். அவர்களுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுப்பது அம்மா. புளிசோறோ தயிர்சோறோ வாழையிலையில் மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் கழுத்தை முறுக்கிப் பல்லைப் போட்டுவிடுவாள். ரப்பர் பேண்டு போட்டால் சோற்றுச் சூட்டில் இளகி நாறுகிறதாம். நூலால் கட்டினால் முடிச்சை அவிழ்ப்பதற்குள் சாப்பாட்டு நேரமே முடிந்துவிடுகிறதாம். பல்லு என்றால் ஒரே இழுப்பு.

ஆளுக்கொரு நிறம். காரம் ஆகாதவருக்கு மஞ்சள், வெங்காயம் சேர்க்காதவருக்கு வெள்ளை, விருதுநகர் அண்ணனுக்குச் சிவப்பு. சாயங்காலம் வேன் வந்து அவர்களை இறக்கிவிட்டதும் நான் ஒரு தகர டப்பாவோடு ரூம் ரூமாகப் போய்ப் பல்லைத் திருப்பி வாங்கி வருவேன். மறுநாள் சோற்றுக்கு அதுதானே வேண்டும். ஒன்று தொலைந்தால் அடுத்த காய்ச்சல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை ராமநாதபுரத்து அண்ணன் பல்லைத் தொலைத்துவிட்டு, வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார். அது அம்மா காதில் விழுந்துவிட்டது.

“உன் வாய்ல வசம்ப வெச்சித் தேய்க்க.”

அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வருகிற பல்லெல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும். மிஷினில் நின்ற கை. அவசரத்தில் பிரிக்கும்போது கிரீஸ் ஒட்டிவிடும். அடுப்புச் சாம்பலும் புளிச்சக்கையும் வைத்துத் தேய்ப்பது என் வேலை. சோற்றுக்கு மேலே கவ்வுகிற சாமான் சாமி பாத்திரம் மாதிரி இருக்கணும் என்று அம்மா கட்டளை. தேய்த்துத் தேய்த்து என் விரல் இடுக்கெல்லாம் கறுத்துப்போகும்.

அப்பா நல்லவர்தான். ஆனால் ரூம் விஷயத்தில் ஒரே பிடிவாதம். கம்பெனிக்குப் போகிறவனுக்குத்தான் ரூம். வேலை போனால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். வேலை இல்லாதவன் நாலு பேரைச் சேர்ப்பான், சேர்ந்தால் சண்டை வரும் என்பது அவர் கணக்கு. மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவர் அப்படித்தான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அம்மா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முழுப்பரீட்சை லீவில் அது நடந்தது. சிவப்புப் பல்லு சுத்தமாகத் திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு நாள் அல்ல, தினமும். கிரீஸ் இல்லை, எண்ணெய் இல்லை. பிளவுக்குள் மட்டும் துளி விபூதி ஒட்டியிருக்கும். விருதுநகர் அண்ணன் எவ்வளவு பக்தி, எவ்வளவு சுத்தம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் வாங்கி, பிளவை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு டப்பாவில் போட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அந்த வாரம் கிருத்திகை. அம்மா விரதம். என்னையும் கூட்டிக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போனாள். அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கிற முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குளத்துப் பக்கம் வந்தோம். அங்கே மரத்தடியில், கம்பெனிச் சட்டையோடு, நெற்றி நிறைய விபூதியோடு விருதுநகர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் வீட்டு இலை. சட்டைப்பை விளிம்பில் சிவப்புப் பல்லு. நான் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மண்டபத் தூணுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாள்.

“அது வேற யாரோ. யூனிபாரம் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க.”

பல்லைப் பார்த்தேனே என்றேன். பிரெட் எல்லா ஊரிலும்தான் விற்கிறது என்றாள்.

கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லி அவரைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்களாம். ஊரில் அவரை நம்பித்தான் வீடு. ரூமும் போய்விட்டால் பெட்டியோடு திரும்பிப் போய் நிற்க வேண்டும். அதனால் காலையில் வேன் நேரத்துக்கே சட்டை மாட்டிக் கிளம்பி, கம்பெனி கம்பெனியாகக் கேட்டுவிட்டு, மதியம் கோயிலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

கிருத்திகை அன்று சாயங்காலம் அப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நான் டப்பாவோடு வந்தேன். பின்னாலேயே அண்ணன்மார் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வந்தார்கள். எனக்கு இருந்த பெருமையில், விருதுநகர் அண்ணன் ஒருத்தர்தான் பல்லைச் சுத்தமாகத் தருகிறார், நீங்கள் எல்லாரும் அழுக்கு என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா தலையைத் தூக்கினார். டப்பாவை வாங்கிக் கிளறினார். சிவப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இன்னாபா, எந்த லைன்ல போட்டுகீறாங்க உன்ன? கிரீஸே ஒட்டாத லைனா?”

விருதுநகர் அண்ணன் குடத்தைக் கீழே வைத்தார். மற்றவர்கள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நெற்றியில் விபூதியோடு வெளியே வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை அவளுக்கு.

“நாந்தான் தொடச்சிக் குடு தம்பின்னு சொல்லிகீறேன். இது ஒண்ணுதான் சொன்ன பேச்சு கேக்குது. மத்ததுங்க எங்க கேக்குதுங்க?”

விரத நாளில் அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்பது அப்பாவுக்குத் தெரியும். பல்லை டப்பாவில் போட்டுவிட்டுச் செயினைச் சுற்றத் தொடங்கினார். விருதுநகர் அண்ணன் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ரூமுக்குப் போய்விட்டார். ராமநாதபுரத்து அண்ணன்தான் இரண்டு குடத்தையும் தூக்கிப் போனார்.

அன்றைக்கு அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டு வெகுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரம். நான் சிவப்புப் பல்லைச் சுத்தமாக வாங்கி வருவேன். அம்மா அதை வாங்கிச் சைக்கிள் செயினில் ஒரு இழுப்பு இழுத்து, கரியாக்கி, டப்பாவுக்குள் போடுவாள். அப்பா வந்து போகும்போது டப்பா வாசலிலேயே இருக்கும். பிறகு என்னையே தேய்க்கச் சொல்வாள். ஏனம்மா என்றால், வாயை மூடிக்கொண்டு தேய் என்பாள். விரதம் இருந்து இருந்து அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். முருகா, எங்கள் அம்மாவைச் சரி பண்ணு என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் விருதுநகர் அண்ணன் வேறு வேனில், மறைமலை நகர்ப் பக்கம் போக ஆரம்பித்தார். சட்டையும் வேறு நிறம். முதல் நாள் சாயங்காலம் பல்லு கேட்கப் போனபோது, பாப்பாவிடம் தர மாட்டேன், அக்காவிடம்தான் தருவேன் என்று அவரே அடுப்படி வாசலுக்கு வந்தார்.

“யக்கா, இன்னைக்கித் தொடைக்கல.”

அம்மா கை நீட்டி வாங்கினாள். அப்படி ஒரு அழுக்கை நான் பார்த்ததே இல்லை. பல்லின் சிவப்பே தெரியவில்லை. கரிக்குள் இரும்புத் தூள் மினுமினுத்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிரசாதத்தை ஒற்றிக்கொள்வது போல இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். இமையெல்லாம் கறுப்பு. விருதுநகர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சாம்பலும் கையுமாக நான் காத்திருந்தேன். இன்றைக்கு இதைத் தேய்க்க வேண்டாம், அப்படியே சாமி மாடத்தில் வை என்றாள்.

முருகன் இன்னும் அம்மாவைச் சரி பண்ணவில்லையே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தேய்ப்பதற்கு ஒன்று குறைந்ததே என்று விளையாட ஓடிவிட்டேன்.