ரிசீவரை நீட்டிய கை

இன்று காலை சரக்குக்குக் காத்திருக்கும் ஒரு பார்ட்டி போனில் கூப்பிட்டார். "வண்டி அயோத்தியாப்பட்டணத்துல டீக்கடைகிட்ட அரமணி நேரமா நிக்குது, ஏனுங்க?" லாரி அவருடைய செல்போனிலேயே புள்ளியாகத் தெரிகிறதாம். "டிரைவர் டீ குடிக்கறாருங்க" என்றேன். உண்மை பேசினேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, பொய் சொல்ல வழியில்லை, அவ்வளவுதான்.

நாமக்கல்லில் நான் வேலைக்குச் சேர்ந்த லாரி ஆபீஸ் இப்படியில்லை. ஈரத் தார்ப்பாயும் கிரீசும் நாறும் ஒற்றை அறை, ஒரு கறுப்புப் போன். முதல் நாளே படிக்க வேண்டிய பாடம், "வண்டி அப்பவே கிளம்பிருச்சுங்க." வண்டி பட்டறையில் சக்கரம் கழற்றிக் கிடக்கும்.

அப்போதுதான் நான் ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். புதுச் செருப்பு கடிக்கும் என்பார்களே, எனக்குப் புது விசுவாசம் கடித்தது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து, இனி என் வாயில் பொய் வராது என்று அறிவித்துவிட்டேன். தகரக் கூரை அதிர "அல்லேலூயா" சொன்னார்கள். திங்கட்கிழமை காலை போன் அடித்தது.

என்ன செய்தேன் என்கிறீர்கள்? ரிசீவரை எடுத்து எதிர் மேசைத் தங்கவேலுவிடம் நீட்டினேன். அவர் கூசாமல், "ஓமலூர் தாண்டிருச்சுங்க" என்றார். வைத்துவிட்டுச் சிரித்தார். "குடுங்க பாஸ்டரே, உங்க பங்குப் பாவத்தையும் நானே தூக்கறனுங்க."

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். இப்படித்தான் நான் பரிசுத்தத்தில் வளர்ந்தேன். வாராவாரம் சாட்சி வேறு.

கேலி செய்தவரே ஒருநாள், "வார ஞாயித்துக்கெழம நானும் உங்க கூட்டத்துக்கு வரட்டுங்களா? பொய் பேசாம எப்படி இருக்கறீங்கன்னு பாக்கோணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஆண்டவருக்கு ஆதாயப்படுத்தும் முதல் ஆத்துமா அல்லவா!

அந்த வாரமே முட்டை லோடு ஒன்று மாட்டியது. கியர்பாக்ஸ் போய் இரண்டு நாளாக வண்டி நகரவில்லை. கிளம்பிவிட்டது என்று கேட்டுக் காத்திருந்த பார்ட்டி நேரில் வந்து கத்தினார். பொய் எங்கே பிறக்கிறது என்று முதலாளிக்குத் தெரியாதா? வந்தவர் முன்னால் காட்ட ஓர் ஆள் வேண்டும். என்னிடம் திரும்பினார். "நீ பொய் பேசமாட்டயே சாமி. போன்ல அப்பிடிச் சொன்னது யாரு?"

அந்தப் போனை எடுத்தது நான். நீட்டியதும் நான்.

"தங்கவேலுங்க" என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, "வாரனுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்த ஞாயிறு ஆராதனை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. நாமகிரிப்பேட்டையில்தான் வீடு, பஸ் ஏறினால் போய்விடலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்ற சேதிதான் வந்து சேர்ந்தது.

நம் பாவங்களைச் சுமந்தார் என்று சபையில் பாடும்போது எனக்குத் தங்கவேலு முகம்தான் வருகிறது. ஆண்டவர் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ, தெரியவில்லை.

அந்தக் கறுப்புப் போன் இப்போது இல்லை. லாரி ஆபீஸ் பொய்யும் ஒழிந்தது, அதை ஒழித்தது என் விசுவாசம் அல்ல, செல்போனில் ஊரும் ஒரு புள்ளி. பரிசுத்தத்தில் வளருங்கள் என்று பாஸ்டர் போன வாரமும் பிரசங்கம் செய்தார். எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள்தான் இல்லை.