அசையாத பலகை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ரேஷன் கடையில் நான் விற்பனையாளர். முன்னால் நிற்கும் நெல் கிடங்கு செல்போன் டவர் சிக்னலை மறைத்துவிடும். சிக்னல் இல்லாமல் மெஷினில் கைரேகை விழாது, அரிசி போட முடியாது. நெல் விளைகிற ஊரில் இந்தக் கேவலம்.

சரிசெய்ய வந்த பெண் பொறியாளர் ஒல்லியானவர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். டவர் தெரிகிற எதிர்ச்சுவரில் திரவப் படிகப் பலகை ஒன்றை மாட்டினார். அதில் ஓடும் கரண்டைக் கூட்டிக் குறைத்தால், பலகை அசையாமலே டவர் அலை வேண்டிய பக்கம் திரும்பும். எங்கள் கடைக்குத் திருப்பினார். ரேகை விழுந்தது.

பலகையின் திறப்பு விழாவில் அதிகாரி, "மேடையில சிக்னல் இல்ல, இன்னைக்கு மேடைப் பக்கம் திருப்பிடுங்கம்மா. பலகைதான் அசையாதே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரிசையில நிக்கிறவங்களுக்குத் தெரியும் சார்." திருப்பவில்லை.

பொறியாளர் ஊருக்குப் போன மறுநாளே ரேகை விழவில்லை. பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

வரிசையிலிருந்த ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார்: "யாரு வீட்டுப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க?"

அந்தப் பொறியாளர் அங்கே இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும்.