அம்மாவை அழித்த பன்னிரண்டு செகண்ட்

அம்மாவின் அந்தக் காலத்து ஃபோனைக் கையில் எடுத்தாலே மத்தி வாசனை வரும். ரப்பர் கவரைக் கழற்றினால் உள்ளே ரெண்டு மூணு செதில் ஒட்டியிருக்கும். துடைத்து வைத்தால் மறுநாள் வேறு ரெண்டு வந்துவிடும்...

அந்த ஃபோனில்தான் என் முதல் ஷாட்டை எடுத்தேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் மோஷன் கிராபிக்ஸும் விஷுவல் எஃபெக்ட்ஸும் கற்றுக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ். வகுப்பில் மற்றவர்கள் திரையில் எழுத்தைப் பறக்கவிடுவார்கள், கட்டடத்துக்குத் தீ வைப்பார்கள். எனக்கோ ஷார்ட்கட் கீ ஒன்றுகூட மண்டையில் நிற்காது. தப்பான பட்டனை அழுத்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

கடைசியில் ஒரு டெஸ்ட். வீடியோவில் நடந்துபோகும் ஒருவரை, அங்கே அவர் இருந்ததே தெரியாதபடி அழிக்க வேண்டும். நன்றாகச் செய்யும் ஒருவரை, பாடம் எடுத்த பாஸ்கர் சார் தன் ஸ்டூடியோவில் வேலைக்கு வைத்துக்கொள்வார்.

இல்லையென்றால் அடுத்த மாதம் கம்பெனி வேன். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அந்த வேனில்தான் ஃபேக்டரிக்குப் போவார்கள். காலையில் அதன் ஹாரன் கேட்டாலே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன்.

ஃபோனைப் படகு விளிம்பில் வைத்துக் கல்லை முட்டுக்கொடுத்தேன். தலையில் கூடையோடு அம்மா தண்ணீர் ஓரமாக நடக்க வேண்டும்.

"சிரிச்சிகினே நடக்கட்டா?" என்று கேட்டாள்.

"நீ இன்னா வேணா பண்ணும்மா. எப்டியும் உன்ன அழிக்கத்தான் போறேன்."

"அடிப்பாவி!" என்றவள், வீட்டுக்குப் போய் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு செகண்ட். செகண்டுக்கு முப்பது என்று முந்நூற்று அறுபது படம். ஒவ்வொன்றிலும் அம்மாவைச் சுற்றிக் கோடு போட்டு, அவள் இருந்த இடத்தில் பக்கத்து மணலையும் அலையையும் எடுத்து ஒட்டினேன். மூன்று வாரம் ஆனது. கண்ணை மூடினாலும் அம்மாதான் நடந்துகொண்டிருந்தாள்.

டெஸ்ட் அன்று காலை பென்டிரைவில் காப்பி போட்டேன். ரெண்டே செகண்டில் முடிந்தது. 'பரவாயில்லையே, இன்னைக்கு நேரம் நல்லா இருக்கு' என்று பஸ் ஏறினேன். சனியனும் கூடவே டிக்கெட் எடுத்தது எனக்குத் தெரியாது.

சாரின் கம்ப்யூட்டரில் திறந்தேன். கடலும் இல்லை, மணலும் இல்லை. திரை முழுக்கக் கலர் கலராகப் பட்டைகள்...

நான் கொண்டுபோனது ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும். எந்தப் படத்தில் எங்கே கோடு போட்டேன் என்பதுதான் அதில் இருக்கும். வீடியோ வீட்டு கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. வீடு பூட்டியிருக்கிறது, அப்பா கடலில்.

சார் மணி பார்த்தார். "பன்னண்டுக்குக் கெளம்பிடுவேன்மா. அதுக்குள்ள கொண்டா."

மணி பதினொன்று பத்து. ஊருக்குப் போய்வரவே மூணு மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். கல்பாக்கம் மார்க்கெட்டில் அவளுக்கு அது வியாபார நேரம்.

"ம்மா, நீ நடந்துகினு வருவியே, அந்த வீடியோ உன் ஃபோன்ல இருக்குதா? உடனே அனுப்பு!"

"இப்போ இன்னாடி அவசரம்? கை முழுக்க மீன் தண்ணி. ஸ்க்ரீன தொட்டா நவுரவே மாட்டேங்குது."

"முந்தானையில தொடச்சிக்கோம்மா... அழுதுடுவேன்!"

வந்தது. ஆனால் வாட்ஸப் அதைச் சுருக்கியிருந்தது. நான் போட்ட கோடெல்லாம் அம்மாவை விட்டு விலகி, கடலில் போய் நின்றது. மறுபடி கூப்பிட்டு, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன்.

"அதெல்லாம் நான் இன்னாத்த கண்டேன்? இரு..." பிறகு, அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸிலிருந்து வாடிக்கையாக மீன் வாங்க வரும் ஒரு பெண்ணிடம் அவள் கெஞ்சுவது கேட்டது. "எக்கா, உன் வஞ்சிரத்த நான் நறுக்கி வெக்கறேன். எம்பொண்ணு இன்னாமோ சொல்லுது, அத இதுல கொஞ்சம் பண்ணி வுடேன்."

டவுன்லோட் சதவீதம் ஏறியது... நாற்பதில் நின்றது. சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பட்டைகள் போய்க் கடல் வந்தது. அலை வந்தது, போனது. அம்மா எங்குமே இல்லை. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

சார் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "யாரும்மா அது நடக்கறது?"

ஆளே இல்லாத ஈர மணலில், ஒன்றன்பின் ஒன்றாகக் கால்தடம் விழுந்துகொண்டே போனது.

முந்நூற்று அறுபது படத்தை முறைத்து முறைத்துப் பார்த்தவள் நான். அது கண்ணில் படவே இல்லை. எப்படிப் படும்? கால்தடம் இல்லாத மணலை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. தடம் இருந்தால்தான் எனக்கு அது மணல்.

காதுக்குள் வேன் ஹாரன் அடித்தது. சார் சிரித்துவிட்டார்.

"ஆள எடுத்த எடத்துல ஒரு பிசிறு இல்ல. திங்கக்கெழம வேலைக்கு வந்துடு. மொத வேல, அந்தக் கால்தடத்த அழிக்கறது."

இப்போது ஆளைக் காட்டி ஒரு க்ளிக் செய்தால் நிழல், தடம் எல்லாம் சேர்த்து அதுவே அழித்துவிடுகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் கோடு போட்டதே இல்லை. நல்லதுதான், முதுகாவது மிச்சம். ஆனாலும் ஏதாவது ஃபைல் சீக்கிரம் காப்பி ஆகிவிட்டால் எனக்கு இன்றும் பக்கென்று இருக்கும்.

அம்மா மார்க்கெட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. முட்டி போய்விட்டது. வாசலுக்கு வரவே சுவரைப் பிடிக்க வேண்டும். போன வாரம் திடீரென்று, "கூடைய தூக்கிகினு நடந்தேனே, அந்த வீடியோவ போடுடி" என்றாள்.

தேடினேன். அந்த ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்து நாளாயிற்று. வீட்டு கம்ப்யூட்டரும் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் இருந்தது. திறந்தால் அதே கலர் பட்டைகள்... அதற்குப் பக்கத்தில், அன்று சாரிடம் காட்டிய தப்பு ஷாட்.

வேறு வழியில்லாமல் அதைப் போட்டேன். வெறும் கடற்கரை. ஈர மணலில் தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நான்தான். அப்பவே வலது காலு அழுந்தித்தான் வுழுது, பாரு..." என்றாள். "இன்னொரு தபா போடு."