நத்தையை உடைத்தது யார்?

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வரிசை இருக்கிறது. கொடுத்த மனுவைத் திரும்ப வாங்க எந்த வரிசை? போன திங்கட்கிழமை அரியலூரில் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கவுன்டரில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாபஸ் வாங்க வருகிறவர்கள் குறைவு போலிருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "காரணம் எழுதிக் குடுங்க ஐயா" என்றார்.

எழுதினேன். 'மனுவில் சொன்ன வெடிச்சத்தம் குவாரியிலிருந்து வரவில்லை. என் வீட்டு மீன் தொட்டியிலிருந்து வந்தது.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். நீங்களும் படித்திருப்பீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியார். ரிடையர் ஆனதும் எல்லாரும் கோயில், குளம் என்று போவார்கள். நான் ஹாலில் ஒரு கடலை வைத்தேன். நாலடிக் கண்ணாடித் தொட்டி. கடலே இல்லாத ஊரில் கடல்தண்ணீருக்கு எங்கே போவது? அதற்கென்றே உப்புப் பொடி வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, உப்பின் அளவு பார்த்து, சூடு பார்த்து... "ரசத்துக்கு உப்பு சரியான்னு ஒருநாள் பாத்திருக்கீங்களா?" என்பாள் என் மனைவி ராஜேஸ்வரி.

உள்ளே ஆரஞ்சு மீன் இரண்டு. கண்ணாடியில் பாசி மேய்கிற நத்தைகள் பத்துப் பன்னிரண்டு. ஆறு மாதம் முன்பு ராமேஸ்வரம் போனபோது, வலையில் மாட்டியது என்று ஒரு மீனவர் தூக்கிப் போட்ட கல்லை வாளியில் கடல்தண்ணீரோடு கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். பொந்து பொந்தாக, சிப்பி ஒட்டி, பார்க்க அழகாக இருந்தது.

கொஞ்ச நாளில் நத்தைகள் சாக ஆரம்பித்தன. சும்மா இல்லை — ஓடு சுக்குநூறாகி! அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்கும்.

வேறு ஊர்க்காரராக இருந்தால் தொட்டிக்குள் பார்த்திருப்பார். நான் அரியலூர்க்காரன். எங்களுக்கு 'டக்' என்றால் குவாரிதான். சுண்ணாம்புக்கல் எடுக்க வெடி வைப்பார்கள், ஜன்னல் அதிரும். சுவரில் விரிசல் விட்டாலும் பால் திரிந்தாலும் குவாரியைத் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

என் படிப்பு வேறு சும்மா இருக்குமா? நத்தை ஓடு என்ன? கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் என்ன? அதேதான். அதை உடைக்கிற அதிர்ச்சி இதை உடைக்காதா? போர்டு ஒன்றுதான் இல்லை, ராஜேஸ்வரிக்குப் பாடமே நடத்தினேன்.

"முட்டை ஓடும் அதானே? ஃப்ரிட்ஜுல ஒரு முட்டை கூட உடையலையே" என்றாள்.

சிலபஸில் இல்லாத கேள்வி. மனு எழுத உட்கார்ந்தேன்.

குவாரியில் வெடி வைப்பவர் தங்கராசு. எங்கள் பக்கத்து வீடு. இருபது வருஷப் பழக்கம். தினமும் சாயங்காலம் என்னிடம் பேப்பர் வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'அனுமதித்த அளவுக்கு மேல் வெடிமருந்து வைக்கிறார்கள்' என்று எழுதி, அவர் பெயரையும் சேர்த்தேன். அளவு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மனுவுக்கு ஒரு கனம் வேண்டுமென்று எழுதினேன். இதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

சில வாரத்தில் தங்கராசு பேப்பர் வாங்க வருவதை நிறுத்திவிட்டார். ஓய்வுபெற அவருக்கு நாலு மாதம் பாக்கி. இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்காதவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வெடி பக்கம் போகக்கூடாதென்று ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்களாம். கெட்ட பெயரோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவர் மனைவி வந்து ராஜேஸ்வரியிடம் சொல்லி அழுதிருக்கிறார். ராஜேஸ்வரி என்னிடம் அழவில்லை. இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தங்கராசுவே வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன்.

"விளக்கம் எழுதணும் சார். என்னா ஒடஞ்சுச்சுன்னே எனக்குத் தெரியாது. காட்டுங்க."

ஸ்டூலைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். உடைந்த ஓடு ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டினார். அதிர்ச்சியில் உடைந்தால் விரிசல் ஓடும், இது ஒரே இடத்தில் அடி வாங்கியிருக்கிறது என்றார். கல்லோடு முப்பது வருஷம் இருந்தவர். நான் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன்.

டக்.

தங்கராசு திரும்பி என்னைப் பார்த்தார். "சார், இன்னிக்கு ஞாயித்துக்கெழம. குவாரி லீவு."

முந்தைய ஞாயிறுகளிலும் அந்தச் சத்தம் வந்துதான் இருக்கும். எனக்கு வேண்டாத சத்தம் என் காதில் விழவில்லை.

டார்ச் அடித்தோம். ராமேஸ்வரத்துக் கல்லின் பொந்திலிருந்து, காம்பின் மேல் வைத்தது போல இரண்டு கண்கள் தனித்தனியாகச் சுழன்று எங்களைப் பார்த்தன. பின்னால் விரல் நீளத்துக்குப் பச்சை உடம்பு. கும்பிடுபூச்சி மாதிரி மடித்த முன்கைகள். மாண்டிஸ் ஷ்ரிம்ப்! இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், குத்துச்சண்டைக்காரன். எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு நத்தையைத் தடவிப் பார்த்து, ஒரு குத்து விட்டது. ஓடு தெறித்தது. இதைப் பற்றியெல்லாம் புத்தகத்தில் படித்தவன் நான். என் தொட்டிக்குள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"நம்ம டிபார்ட்மென்ட் ஆளு சார் இது" என்று தங்கராசு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல விடுங்க' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"நாளைக்கு திங்கக்கெழம" என்று மட்டும் சொன்னார். மனு நாள்.

அப்படித்தான் அந்த வரிசையில் நின்றேன். சீல் போட்ட நகலை குவாரி ஆபீஸுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, எழுதியது பொய் என்று வாயாலும் சொன்னேன். வியாழக்கிழமை தங்கராசு பழையபடி வெடி வேலைக்குப் போனார்.

இறாலை என்ன செய்வது? தூக்கிப் போடச் சொன்னாள் ராஜேஸ்வரி. கூடாதென்று தடுத்தவர் தங்கராசு. இப்போது அதற்கு, குத்தினாலும் உடையாத தடித்த அக்ரிலிக்கில் தனித் தொட்டி, தனி பம்ப். என்னைவிட வசதியாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் தங்கராசு பேப்பர் வாங்க வந்தார். இறாலின் தொட்டி முன்னால் போய் நின்றார்.

"நாங்க வெடிக்கிறதுக்கு முன்னாடி சைரன் அடிப்போம் சார். செவப்புக் கொடி கட்டுவோம். சுத்தி நிக்கிறவன வெலகச் சொல்லுவோம்." பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இது அடிக்காது. நீங்களும் அடிக்கல."

எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே பத்தடி இருக்கும். அதைத் தாண்டச் சோம்பல்பட்டுத்தான் நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறேன்!