சனிக்கிழமை வருவாள்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எனக்கு ஐம்பது தாண்டியே ரொம்ப வருஷம் ஆகிவிட்டது; இப்போதுதான் ஸ்பானிஷ் படிக்கிறேன். எல்லாம் தலையெழுத்து. மகன் வேலைக்கென்று ஸ்பெயினுக்கு வந்தான், இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான், பேத்தி வாயைத் திறந்தால் ஸ்பானிஷ்தான் கொட்டுகிறது. அவள் ஏதோ கேட்பாள், நான் ஈ என்று இளிப்பேன். எத்தனை நாளைக்குத்தான் இளிப்பது? பக்கத்து நூலகத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காசில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மகன் சொன்னதும், புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டீச்சர் சின்னப் பெண். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். ஒருநாள் வகுப்பில், ஆளுக்கு ஒரு செருப்புப் பெட்டி கொண்டுவரச் சொன்னாள். அட்டை, துணி, குச்சி, எது கிடைத்தாலும் சரி, சின்ன வயதில் நாம் இருந்த ஓர் இடத்தை அந்தப் பெட்டிக்குள் செய்ய வேண்டுமாம். அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று ஸ்பானிஷில் சில வரி எழுதி மூடியில் ஒட்ட வேண்டுமாம். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பெட்டிகளையும் கண்காட்சி வைப்பார்கள், வீட்டு மனிதர்களும் வரலாம், அவரவர் எழுதியதை அவரவர் எழுந்து நின்று படிக்க வேண்டும் என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. செருப்புப் பெட்டியில் பொம்மை வீடு கட்டவா இந்தக் குளிரில் நடந்து வருகிறேன்? "வேற வேலை இல்ல இவுங்களுக்கு" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினாள். வெளிநாட்டில் உள்ள ஒரே சௌகரியம் இதுதான், வாய்விட்டுத் திட்டலாம்.

ஆனால் வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்ததும் கை தானாக வேலை செய்தது. நான் வீடு கட்டவில்லை. திருப்பாப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனைச் செய்தேன். கடலூரில் நாங்கள் குடியிருந்தது அந்த ஸ்டேஷனுக்குப் பின் தெருவில். தீக்குச்சியில் தண்டவாளம், சோப்பு அட்டையில் சிமெண்டு பெஞ்சு, தரையில் வேர்க்கடலைத் தோல். பெஞ்சுக்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தினேன். அது நான். பிறகு அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்கால ரயிலில் என் அக்கா வருவாள். மணிலா வாங்கி வருவாள். பெட்டியைக் கீழே வைக்க மாட்டாள். ஒரு கையால் என்னைத் தூக்கிக்கொள்வாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வேன்.

அடுத்த வகுப்பில் டீச்சர் படித்துவிட்டு, உங்கள் அக்கா எதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரத்தை வாங்கி வர வேண்டும் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மணிலா என்றுதான் பெயர், பேச்சில் மல்லாட்டை. அதை எப்படி அந்தப் பெண்ணுக்கு விளக்குவது? மணிலாவை அடித்துவிட்டு அவள் சொன்ன சொல்லை எழுதிக்கொண்டேன். மிச்சத்தை வீட்டில் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். அம்மாவுக்கு மாடு, அடுப்பு என்று ஆயிரம் வேலை. என்னை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். அறுபதுகளில் எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய பெண் அவள் ஒருத்தி. டீச்சர் ட்ரெயினிங்குக்குச் சிதம்பரத்தில் இடம் கிடைத்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கினாள். சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் ரயில் ஏறிவிடுவாள். கரி வண்டி ஊதுகிற சத்தம் கேட்டால் போதும், நான் தட்டுச் சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

பெண்கள் பெட்டியிலிருந்து இறங்குவாள். ஒரு கையில் தகரப் பெட்டி, அதே கையில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினால் என்ன? மாட்டாள். ஒரு கையில் பெட்டி, மறு இடுப்பில் நான், அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து தெருவுக்குள் வருவாள். வாசலிலேயே அம்மா கத்துவாள்.

"ஏண்டி, கழுதை வயசாகுது அதுக்கு. எறக்கி வுடுடி, இடுப்பு ஒடிஞ்சிடப் போவுது."

"இருக்கட்டும்மா. வாரத்துக்கு ஒரு தரந்தான தூக்கறேன்."

அப்பா முதுநகரில் ஒரு மணிலா மண்டியில் வேலை பார்த்தார். நாள் முழுக்க மூட்டைக்கு நடுவில் கிடக்கிற மனுஷன். பொட்டலத்தைப் பார்த்ததும், "இத வேற காசு குடுத்து வாங்கினு வந்தியா?" என்பார். ஆனால் முதல் பிடி அவர்தான் எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா டீச்சர், நான் வகுப்பு. ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் என்னை வைத்துத்தான் பழகிக்கொள்வாள். கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவாள். திடீரென்று திரும்பி, "பின்னாடி பெஞ்சு, இன்னா பேச்சு அங்க?" என்று அதட்டுவாள். பின்னாடி பெஞ்சுக்கும் நான்தானே? ஓடிப்போய்ப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி ஓடிவந்து முன்னால் உட்காருவேன். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

ஒரு மழைக்காலத்தில் ஹாஸ்டலில் அவளுக்கு ஜுரம் கண்டது. தந்தி வந்து அப்பா சிதம்பரத்துக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் என் அக்கா இறந்துபோனாள். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துப் பிறத்தியார் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், திட்டக்குடி அத்தை வந்து, "எங்க ஊட்டு மாடு கன்னு போட்டிருக்குது, பாக்கலாம் வா கண்ணு" என்று கையைப் பிடித்து பஸ் ஏற்றியதுதான். எனக்கு ஏழு வயது. திட்டக்குடியில் கன்றுக்குட்டி உண்மையாகவே இருந்தது, அதனால் நம்பினேன். என்னை அங்கே அனுப்பிவிட்டு, இங்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். பாவிகள், ஒரு தடவை அவள் முகத்தைக் காட்டியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

நான் திரும்பி வந்தபோது வீட்டில் படம் இல்லை, மாலை இல்லை. படம் மாட்டக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாளாம். தெருவும் வாயைக் கட்டிக்கொண்டது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்கம்மா?"

அம்மா நிமிரவில்லை. முறம் மட்டும் நின்றது.

"சனிக்கிழமைன்னா வருவா கண்ணு. மல்லாட்ட வாங்கினு வருவா. பெட்டியக்கூட கீழ வெக்க மாட்டா. உன்னத் தூக்கினுதான் உள்ள வருவா."

தமிழில் இது ஒரு விபரீதம். அந்தக் காலத்தில் வாரம் தவறாமல் வந்தவளுக்கும் வருவாள்தான், நாளைக்கு வரப்போகிறவளுக்கும் வருவாள்தான். அம்மா போனவளை நினைத்துச் சொன்னாள். நான் வரப்போகிறவள் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை வந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவள் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் இருந்த ஜட்காக்காரர்கள் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மழை. நான் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அடியே, மழையில நனைஞ்சினு இங்க இன்னாடி பண்ற? கால ஒடிச்சிடுவேன் பாத்துக்க!"

"நீதானம்மா சொன்ன, அக்கா வருவான்னு."

அம்மா ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வண்டி உள்ளே வந்தது. என் கையைப் பிடித்த பிடி தளர்ந்தது. அம்மா பெண்கள் பெட்டிக்கு நேராகப் போய் நின்றாள். ஒரு கிழவி இறங்கினாள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி இறங்கினாள், மூட்டை இறங்கியது. ஒவ்வொருவர் முகமாக அம்மா பார்த்தாள். கார்டு கொடி காட்டி வண்டி புறப்பட்டது. கடைசிப் பெட்டியும் போன பிறகு, "வா, போலாம்" என்றாள். அன்றைக்கு என்னை அடிக்கவில்லை.

தை பிறந்த பிறகு, அக்காவின் சாமான் ஹாஸ்டலிலேயே கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா கிளம்பினார். நானும் வருவேன் என்று புரண்டு அழுதேன். அக்காவைக் கூட்டிவரப் போகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டுமே!

சிதம்பரம் ஹாஸ்டல் வாசலில் ஓர் அம்மா தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். பல் விளக்கிக்கொண்டிருப்பாள், சடை பின்னிக்கொண்டிருப்பாள், இதோ ஓடிவருவாள். கீழ வீதி முழுக்கத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டேஷனுக்கே வந்துவிட்டோம்.

"அப்பா, அக்கா?"

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். என்னைத் தூக்கினார். அதுவரை அப்பா என்னைத் தூக்கியதே கிடையாது. மண்டியில் மூட்டை தூக்குகிற அந்தத் தோள் கிடுகிடுவென்று ஆடியது. பெட்டி கீழே கிடந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அம்மா போனாள். சனிக்கிழமை சாயங்காலம் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போவாள். இருட்டுவதற்குள் வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். பெத்த மனம் பித்து என்று தெரு சொன்னது. சாகிற வரைக்கும் அவள் வாயில் 'வருவா'தான். எந்த 'வருவா' என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயம். அக்கா செத்துப்போய்விட்டாள் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. என் மகனிடம்கூட நான், அக்கா சிரிப்பா, அக்கா தூக்கிக்குவா என்றுதான் பேசியிருக்கிறேன். தமிழில் அதுவே போதுமானதாக இருந்தது.

கண்காட்சிக்கு முந்தின வகுப்பில் டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு. வீட்டில் வைத்துப் படித்தாளாம், கண்ணீரே வந்துவிட்டதாம். சனிக்கிழமை ரயிலில் உங்கள் அக்கா வரப்போகிறார் என்று சொல்லவே இல்லையே, அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டேன் என்றாள். அக்கா என்று ஸ்பானிஷில் எழுதி, பூப்படம் வரைந்த ஓர் அட்டையையும் காட்டினாள்.

எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. பிறகு காகிதத்தைப் பார்த்தேன். வருவாள் என்பதற்கு நான் எழுதியிருந்தது 'பெந்த்ரா'. அது இனிமேல் வரப்போகிறவளுக்குத்தான். எப்போதோ வந்துகொண்டிருந்து, இப்போது வராமல் போனவளுக்கு ஸ்பானிஷில் வேறு சொல் இருக்கிறது, 'பெனீயா'. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள இந்த மொழி விடாது. நான் தமிழில் நினைத்து அப்படியே மாற்றி எழுதியிருக்கிறேன். எல்லா வரியிலும் அதே தப்பு.

அந்தப் பெண் சிரித்தபடியே நின்றாள். சொல்லித்தானே ஆக வேண்டும்? தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். அக்கா வர மாட்டாள். அக்கா இறந்துவிட்டாள். நான் குழந்தையாக இருந்தபோது. என் வாழ்நாளில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் என் அம்மாவுக்குத் தெரியாத ஒரு மொழியில். டீச்சரின் முகம் செத்துவிட்டது. அட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக நானே திருத்தும்வரை கூடவே இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மகன், மருமகள், பேத்தி எல்லாரும் வந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் ஒன்று குறைந்திருந்தது. நான் எழுந்து நின்று படித்தேன். பெனீயா, பெனீயா என்று எல்லாவற்றையும் சரியாகவே படித்தேன். ஒரு தப்புகூட இல்லை என்று டீச்சர் கையசைத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த ஆள் எழுந்தார்.

நான் கதவோரம் போய் உட்கார்ந்தேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். யாரைப் பார்க்கிறாய் என்று பேத்தி கேட்டாள். இந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலுக்கு வேண்டிய ஸ்பானிஷும் என்னிடம் இருந்தது. ஆனாலும் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வருவா கண்ணு" என்றேன்.