பேப்பரில் ஓடிய ப்ரோக்ராம்

ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அதற்குத் தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் வேலைக்கு உலை வைக்க வந்ததற்குத்தான் கேசரி தின்றிருக்கிறேன் என்பது அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் சர்க்குலரைப் படித்தபோது உறைத்தது.

ராயப்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் பன்னிரண்டு வருஷமாக டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் வேலையே இனி கிடையாது என்றது சர்க்குலர். மூன்று மாதம் கழித்து ஒரு பரீட்சை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டுகிறவர்களுக்குச் சென்னையிலேயே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. மற்றவர்கள் ராணிப்பேட்டை தொழிற்சாலைக்கு, ஸ்டோர்ஸ் கிளார்க்காக.

ராணிப்பேட்டை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் பெண்ணுக்குக் காது கேட்காது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. மார்பில் டப்பா மாதிரி ஒரு மிஷினைக் கட்டிக்கொண்டு, இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத் தரும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மயிலாப்பூரில் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சட்டம் உண்டு. சனிக்கிழமைதோறும் அம்மா வந்து குழந்தைக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். குழந்தை அம்மாவின் தொண்டையிலும் மூக்கிலும் விரல் வைத்துப் பார்த்துத்தான் சத்தம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளும். இரண்டு வருஷத்தில் அவளுக்கு ‘அப்பா’ வந்திருந்தது. ‘ம’ மூக்கில் பிறக்கிற எழுத்து, அடுத்தது அதுதான், இன்னும் ஆறேழு மாதத்தில் ‘அம்மா’ வந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ராணிப்பேட்டையில் சனிக்கிழமையும் வேலை நாள். அந்த ஊரில் இப்படி ஒரு பள்ளிக்கூடமும் கிடையாது. வேலையை விடலாம் என்றால், என் கணவர் வேலை பார்த்த இடத்தில் மாதாமாதம் சம்பளம் வருமா என்பதே சந்தேகம்.

சரி, கற்றுக்கொண்டால் போயிற்று என்று கிளம்பினேன். தி. நகரில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் இடங்களுக்குப் பஞ்சமா? கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், டை கட்டிய ஒருவர் ஒரு வருஷ கோர்ஸ், காலை பத்து மணி பேட்ச் என்றார். எனக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, அதுவும் ஆபீஸ் விட்ட பிறகுதான் வர முடியும் என்றேன். “அப்ப நீங்க பர்சனலா ஒரு ட்யூட்டர் பாத்துக்கணும் மேடம்” என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். பக்கத்துத் தெருவில் இன்னொரு கண்ணாடிக் கதவு. அங்கேயும் இதே பதில், டை மட்டும் வேறு நிறம்.

ட்யூட்டரை எங்கே போய்ப் பார்ப்பது? பாட்டு வாத்தியார் வேண்டும் என்றால் மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பேர். ஹிந்திக்கு மாடிக்கு ஒருவர். கம்ப்யூட்டருக்கு யாரைக் கேட்பது? எங்கள் வட்டாரப் பேப்பரில் வந்த வரி விளம்பரங்களை வைத்துக்கொண்டு, தெருமுனை பூத்திலிருந்து போன் போட ஆரம்பித்தேன். கோட்டூர்புரத்தில் இருந்தவர் ப்ளஸ் டூ மாணவர்களுக்கு மட்டும்தான் எடுப்பாராம். அடையாறில் இருந்தவர் எடுத்த எடுப்பில், “பையனா, பொண்ணா? எத்தனாவது?” என்று கேட்டார்.

“எனக்குத்தான் சார்.”

“வயசு என்னம்மா ஆறது?” என்றார்.

“முப்பத்தி நாலு.”

“கஷ்டம்மா. இந்த வயசுக்கு மேல லாஜிக் உக்காராது.”

உன் மண்டையில் மட்டும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறதோ என்று கேட்டேன், போனை வைத்த பிறகு. பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கற்றுக்கொள்ளத் தயாராக ஒருத்தி நிற்கிறாள், கற்றுத்தர இந்தப் பட்டணத்தில் ஒரு ஆள் இல்லை. இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

“ஆத்துக்கு வந்து சொல்லித் தரேன்னு ஒருத்தரும் கிடைக்கலையா?” என்று கணவர் கேட்டார்.

“ஆத்துக்கு வர வேண்டாம். நான் எங்க வேணா போறேன். அதுக்கே ஆள் இல்லை” என்றேன்.

கடைசியில் ஆபீஸுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில்தான் கிடைத்தது. ‘கணக்கு, கம்ப்யூட்டர் ட்யூஷன்’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு சந்து தள்ளி ஒரு மாடி. கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர், என்னைவிட நாலைந்து வயது குறைவு. வயதையும் கேட்கவில்லை, லாஜிக்கையும் கேட்கவில்லை. “எப்ப எக்ஸாம்? ரெண்டு மாசம் கீது இல்ல? பாத்துக்கலாம் மேடம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன்.

கம்ப்யூட்டர் எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன்.

“மிஷினெல்லாம் இல்ல மேடம். நான் புக்கு பாத்து கத்துக்கினேன். பேப்பர்ல கரெக்டா வந்தா மிஷின்லயும் கரெக்டா வரும். இப்போதைக்கு நான்தான் மிஷின். நீங்க எழுதிக் குடுங்க, நான் ஓட்டறேன்.”

சும்மா சொல்லக் கூடாது, ஓட்டினார். நான் நோட்டில் பென்சிலால் எழுதிய ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, அது சொன்னபடி சிலேட்டில் எண்களை எழுதுவார், அழிப்பார். தப்பாக எழுதியிருந்தால் அந்த வரியிலேயே நின்றுவிட்டு, மிஷின் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். நான் கண்டுபிடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டார். ஆறு வாரத்தில் பத்துப் பேருக்குச் சம்பளக் கணக்குப் போடும் ப்ரோக்ராமை என்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத முடிந்தது. அடையாறுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால், தி. நகரில் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடம் ஒன்றுக்கு இருவரும் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் உட்கார்ந்தோம். “டைப்பிங் நான் பார்த்துக்கறேன் சார், அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்” என்றேன். திமிர்தான். ஆபீஸிலேயே வேகமான கை என்னுடையது. விரல்கள் பறந்தன. அவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தார்.

ப்ரோக்ராம் ஓடவில்லை. திரையில் தப்புப் பட்டியல் விழுந்தது. ஒன்று என்ற எண் என்னவென்றே எனக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னது மிஷின்.

“இன்னா மேடம் இது? ஒண்ணுகூடத் தெரியாத கம்ப்யூட்டரா? நோட்டுல கரெக்டா கீதே!”

அழித்துவிட்டு மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அதே. பிறகு அவர் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. கடகடவென்று ஓடியது. பத்துப் பேருக்கும் சம்பளம் வந்தது. திரும்ப நான் உட்கார்ந்தேன். ஒன்று தெரியாது என்றது.

நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “உங்க ஸ்பீடு மேடம். நீங்க அடிக்கிற அடியை அது தாங்கல. எக்ஸாம்ல மெதுவா அடிங்க.”

வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நானும் நம்பினேன். அந்த ஒரு வாரமும் ஆபீஸ் டைப்ரைட்டரில் வேண்டுமென்றே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பழகினேன். பன்னிரண்டு வருஷ வேகத்தைக் கட்டிப்போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தோள்பட்டை விட்டுப்போயிற்று.

பரீட்சையில் அதே சம்பளக் கணக்குதான் வந்தது. கேள்வியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மெதுவாக, எண்ணி எண்ணி அடித்தேன். ஓட்டினேன். ஒன்று தெரியாது என்றது. இன்னும் மெதுவாக அடித்தேன். தெரியாது. வரி ஒவ்வொன்றும் சரி, மனப்பாடம், ஒரு புள்ளி பிசகவில்லை. யாரைக் கேட்பது? பக்கத்து மிஷின்களில் ஒவ்வொருவருக்காகச் சம்பளம் விழுந்துகொண்டிருந்தது. மணி அடித்துவிட்டார்கள்.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. குழந்தையின் நிலைமையைச் சொல்லி, இங்கேயே ஏதாவது ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜருக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். என் பழைய டைப்ரைட்டர், ஏலத்துக்குப் போகிற வரிசையில் இருந்தது. தாளைச் செருகித் தேதி அடித்தேன். தேதியில் ஒரு ஒன்று இருந்தது. என் வலது கை மோதிர விரல் தானாக இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த மிஷினில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. எண் வரிசை இரண்டில்தான் ஆரம்பிக்கும். பழைய டைப்ரைட்டர்கள் பலவும் அப்படித்தான். ஒன்று வேண்டுமென்றால் ஆங்கிலச் சின்ன ‘எல்’ எழுத்தை அடிக்க வேண்டும், தாளில் பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது, விரலில் ஊறிப்போனது. கம்ப்யூட்டரில் ஒன்றுக்கென்று தனியாக ஒரு பொத்தான் இருந்தது. நான் அதை ஒரு தடவைகூடத் தொடவில்லை. திரையில் இரண்டும் எங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தன. ‘எல்’ தெரியாது என்று மிஷின் சொன்னதைத்தான் ஒன்று தெரியாது என்று படித்திருக்கிறோம். வேகமாக அடித்தாலும் ‘எல்’தான், மெதுவாக அடித்தாலும் ‘எல்’தான்.

மனுவைப் பாதியில் விட்டுவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை உட்கார விடுங்கள் சார், அஞ்சு நிமிஷம் போதும் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, முழுக்கக் கேட்டார்.

“ஏம்மா, பன்னெண்டு வருஷ டைப்பிஸ்ட் தப்பா டைப் அடிச்சுட்டாள்னு நான் மேல எழுதினா, யாரும்மா நம்புவா?” என்றார்.

பாதி மனுவை மிஷினிலிருந்து உருவிக் கிழித்துப் போட்டேன்.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஒரு நாளாவது உங்க விரலைப் பாத்திருக்கணும் மேடம். நான் நோட்டையே பாத்துக்கினு இருந்தேன்.” அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. என் விரலை நானே பார்க்காதபோது அவரை என்ன சொல்வது?

நான் மட்டும் ராணிப்பேட்டைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டதில், சனிக்கிழமைகளில் எனக்குப் பதிலாக என் கணவர் உட்கார ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை வேலை முடிந்து நான் பஸ் பிடித்தால், வீடு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு.

நாலாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. “வந்துடுத்து, நேத்திக்கு வந்துடுத்து! இங்க வந்து உக்காரு” என்று கணவர் கூப்பிட்டார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். குழந்தை அவருக்கு எதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். அவர் மூக்கின் மேல் இரண்டு விரலை வைத்தாள். அவர் கண்ணையே பார்த்தாள். பிறகு தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல், அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அம்மா.”

“நான் இல்லடா கண்ணா, அதோ பாரு, அங்க” என்று அவர் என்னைக் காட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் அவர் மூக்கில் விரலை வைத்தாள்.