வேலம்மாளைக் கட்டவிடாத அன்னத்தாய்

பரளச்சி அன்னத்தாய் விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. செய்தி சொன்னவர், "பாவம், அந்தப் புள்ளைய வச்சே சீரழிஞ்சு போனா" என்றார். அவர் சீரழியவில்லை. அவரை அறிந்த யாரும் அப்படிப் பேசக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் மகள் வேலம்மாள் என் பள்ளியில் சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பேச மாட்டாள், முகம் பார்க்க மாட்டாள், புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாள். வாயருகே யார் கை போனாலும் அலறுவாள். பல் துலக்க வேப்பங்குச்சியும் ஆகாது, கரித்தூளும் ஆகாது. பற்கள் கறுத்தன. ஒருநாள் கன்னம் வீங்கி, வலி தாளாமல் தன் மணிக்கட்டையே ரத்தம் வரக் கடித்தாள். வாய் நாற்றத்தால் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் விலகி உட்கார்ந்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அன்னத்தாயிடம், "கொஞ்ச நாள் வீட்டிலேயே வச்சுக்கங்க" என்றேன்.

"வாய் நாறுதுன்னுதானே சொல்றீக டீச்சர்? வாயச் சரி பண்ணுவோம். புள்ளைய எதுக்கு வெரட்டுறீக?"

வேலம்மாளைக் கூட்டிக்கொண்டு அவரோடு நானும் அருப்புக்கோட்டைக்கு வண்டியேறினேன். அங்கே பல் வைத்தியர் வேலம்மாள் அலறியதைப் பார்த்துவிட்டு, "பெஞ்சோட சேர்த்துக் கட்டுங்க" என்றார். அன்னத்தாய் நடுவில் வந்து நின்றார்.

"லாடம் அடிக்க மாட்டக் கட்டுற மாதிரி கட்டுவீகளோ? எம்புள்ள மேல கயிறு படாது."

மகளை மடியில் வைத்துக்கொண்டு தன் வாயைத் திறந்தார். வைத்தியரின் கருவியை முதலில் தன் பல்லில் வைக்கச் சொன்னார். மகளின் விரலைப் பிடித்துத் தன் கடைவாயைத் தொடவைத்தார். வைத்தியர் முணுமுணுத்தார், மற்ற நோயாளிகள் ஏசினார்கள். உச்சிப்பொழுது ஆயிற்று. கடைசியில் வேலம்மாள் வாயைத் திறந்தாள். ஆடிக்கொண்டிருந்த சொத்தைப் பல் வந்தது. அவள் கத்தினாள்தான். ஆனால் யாரும் அவளைக் கட்டவில்லை.

அதன்பிறகு பழஞ்சேலைத் துணியை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்துப் பல் துலக்கப் பழக்கினார். முதலில் மகள் தாய்க்குத் துலக்குவாள். பிறகு தாய் மகளுக்கு. தினமும் வலப்பக்கம் மேலிருந்துதான் தொடங்க வேண்டும். கையைத் தள்ளினால் அன்றைக்கு நிறுத்திவிடுவார். முதல் மாதம் முழுக்கத் துணி உதட்டைத் தாண்டவில்லை. பருத்தி எடுக்கப் போகும் நாளிலும் இது தவறியதில்லை. "பல்லு வெளக்க மாட்டேங்குறான்னு ஊரே சொல்லுது. கரி உறுத்துதுன்னு அவ கத்துனது யாருக்கும் கேக்கல" என்றார் ஒருமுறை.

துக்க வீட்டில் அவருடைய கொழுந்தன் வேலம்மாளைக் காட்டி, "இதைக் கோயில்ல கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு விட்டுருவோம். பள்ளிக்கூடத்துப் பேரையும் அடிச்சிருங்க டீச்சர்" என்றார். "பேரை அடிக்க மாட்டேன்" என்றேன். வேலம்மாளின் தகப்பனார், அதிகம் பேசாத மனிதர், எழுந்து உப்புநீர் கலக்கப் போனார். இடப்பக்கம் தொடங்கியதால் அவள் தள்ளிவிட்டாள். அவர் துணியை மறுபடி நனைத்து வலப்பக்கம் வந்தார்.

அன்னத்தாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒரு பிள்ளை அலறினால், அதற்கு என்ன வலிக்கிறது என்று முதலில் பார்ப்பது. ஊரே கூடி அதைக் கட்டச் சொன்னால், குறுக்கே நிற்பது.